விருந்தாளியாகப் போய் வாருங்கள்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற இளையோர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பொன்விழா மேடையில் ஏறுகிறவர்கள் கடந்துவந்த ஐம்பது ஆண்டுகளைப் புகழ்ந்து பேசுவதே வழக்கம். ஓலைக் கொட்டகையில் நடந்த முதல் திருப்பலி, வீட்டுக்கு வீடு அரிசி திரட்டிச் சுவர் எழுப்பிய கதை, கோவில் மணி வந்து இறங்கிய நாள் ஆகிய யாவும் இந்த மலரின் மற்றப் பக்கங்களில் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே இன்று நான் கடந்த காலத்தை விட்டுவிட்டு, உங்களில் சிலரின் கையில் இருக்கும் ஒரு விளம்பரத் தாளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன், ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்த நேரம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். நான்காக மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "சாமி, எம் பொண்ணு இதுக்குப் போகணுங்குது. நம்ம பங்குப் பிள்ளைங்க பதினோரு பேரு சேர்றாங்களாம். அவ கல்யாணத்துக்குன்னு செஞ்சு வச்ச சங்கிலி ஒண்ணு கெடக்கு. அத அடகு வச்சாப் பணத்தக் கட்டிரலாம். அனுப்பட்டுமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

தாளை வாங்கிப் படித்தேன். தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றுக்குப் பதினான்கு நாள் குழுப் பயணம். இளம் தொண்டர்களுக்கான பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர். குறைந்த செலவு, பொதுக் கூடத்தில் படுக்கை, ஐந்து நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டு, மீதி நாட்களில் ஊர் சுற்றிப் பார்த்தல், முடிவில் ஒரு சான்றிதழ்.

அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை அன்று என் வாயில் வரவில்லை. மூன்று வாரம் செபித்தும் சிந்தித்தும் பார்த்தபின், அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். உங்கள் ஆசைக்கு அணை போட நான் வரவில்லை. கிணற்றைத் தாண்டாத தவளையாகக் கிறிஸ்தவன் இருக்கலாகாது. ஆபிரகாம் புறப்பட்டதிலிருந்து தொடங்குகிறது நமது விசுவாசத்தின் கதை. பவுலடியார் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நற்செய்தி ஆசியாவைத் தாண்டி ஐரோப்பாவுக்குள் நுழைந்திருக்குமா? ஆகவே போக வேண்டும். ஆனால் எப்படிப் போக வேண்டும் என்பதே கேள்வி.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடி வேண்டாம் என்கிறார். ஒரு வீட்டில் தங்குங்கள், வைக்கிறதை உண்ணுங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள் என்கிறார். இது எத்தகைய கட்டளை! நற்செய்தி கொடுக்கப் போகிறவர்களை, முதலில் சோற்றுக்குக் கையேந்தும்படி அல்லவா அனுப்புகிறார்! கொடுப்பதற்கு முன் வாங்கப் பழகு. வீட்டுக்காரனாக நுழையாதே, விருந்தாளியாக நுழை என்பதே அதன் பொருள். இன்று நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒன்றுதான். மற்றவை யாவும் இதற்கு விளக்கமே.

நாம் விருந்தோம்பலில் பெயர் பெற்ற மக்கள். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். விருந்து வைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விருந்தாளியாக இருப்பது ஒரு தனிக் கலை. அதைத்தான் நாம் கற்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் கோவிலில் மெழுகுதிரி ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறோமே, அந்தத் தேசே முறைச் செபம் உங்களுக்குத் தெரியும். தேசே என்பது பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரோஜர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் 1940-இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்கு வந்து ஒரு பழைய வீட்டை வாங்கினார். உயிர் தப்பி ஓடிவந்த யூதர்களுக்கும் மற்ற அகதிகளுக்கும் அதில் இடம் கொடுத்தார். போர் முடிந்ததும், அவ்வட்டாரத்தில் அடைக்கப்பட்டிருந்த செர்மன் போர்க் கைதிகளுக்கும் உணவு கொடுத்தார். பின்னர் அங்கே ஒரு துறவற சகோதரர் குழுமம் உருவாயிற்று. இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். ஊரின் பழைய சிறு கோவிலில் இடம் போதவில்லை.

அப்போது புதுக்கோவில் கட்டிக் கொடுக்க வந்தவர்கள் யார் தெரியுமா? செர்மானிய இளைஞர்கள்! எந்த நாட்டின் படை பிரான்சை மிதித்ததோ, அந்த நாட்டின் பிள்ளைகள்.

அவர்களை அனுப்பிய இயக்கத்தைத் தொடங்கியவர் லோதார் கிரைசிக் என்ற நீதிபதி. ஹிட்லர் ஆட்சி மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் கொன்று குவித்தபோது, 1940-இல் அதை எதிர்த்து எழுதிப் பதவியை இழந்தவர். போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 1958-இல், தம் சபையின் மாமன்றத்தில் ஓர் அழைப்பை விடுத்தார். அந்த அழைப்பின் தொனியைக் கவனியுங்கள். உங்களுக்கு உதவி செய்ய வருகிறோம் என்று அவர் சொல்லவில்லை. எங்களால் துன்புற்ற மக்களே, உங்கள் நாட்டில் எங்கள் கைகளால் ஏதேனும் நன்மை செய்ய எங்களுக்கு அனுமதி தாருங்கள் என்றுதான் கேட்டார். அனுமதி! தொண்டு செய்யப் போகிறவன் கேட்க வேண்டிய முதல் வார்த்தை அதுவே.

அந்த இளைஞர்கள் கட்டிய கோவிலுக்கு ஒப்புரவுக் கோவில் என்று பெயர். 1962 ஆகஸ்டு 6 அன்று அது திறக்கப்பட்டது. கதை அத்துடன் முடியவில்லை. வருகிற கூட்டம் பெருகிப் பெருகி, ஒன்பதே ஆண்டுகளில் அந்தப் பெரிய கோவிலும் போதாமற் போயிற்று. 1971-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு இடம் காணாமல், சகோதரர்கள் முகப்புச் சுவரை இடித்து, வெளியே ஒரு கூடாரத்தை இணைத்தார்கள். வியர்வை சிந்தி எழுப்பிய சுவர் போயிற்று. ஆனால் அந்தச் சுவரைக் கட்டும்போது பகைவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்களே, அதை இடிக்க யாரால் முடியும்? தொண்டர் கட்டுகிற சுவர் முக்கியமன்று. கட்டுகிறபோது விளைகிற உறவே முக்கியம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தவறு வழியாகவும் படித்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2001-இல் நான் ஒரு கிராமத்தில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். குருப்பட்டம் பெற்ற புதிது. இரத்தம் சூடான வயது. மேல்நாடு ஒன்றிலிருந்து இருபது இளைஞர்கள் பத்து நாள் தொண்டுக்கு வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. என்ன வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச் சுவர் கட்டுவதென்று கடிதத்திலேயே முடிவாகி விட்டது.

நல்ல பிள்ளைகள். சித்திரை வெயிலில் முகம் சிவக்கச் சிவக்கச் செங்கல் சுமந்தார்கள். ஆனால் கரண்டி பிடித்துப் பழகாத கைகள்! வைக்கிற வரிசை நூலுக்கு நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனார், வயதானவர், ஒவ்வொரு நாளும் அவர்கள் சாப்பிட்டு ஓய்ந்தபின், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கோணலாக நின்ற வரிசைகளைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார். காலையில் அந்தப் பிள்ளைகள் வந்து, தாங்கள் கட்டிய சுவர் நேராக நிற்பதைப் பார்த்து மகிழ்வார்கள். கொத்தனாருக்கு நான் கூலி கொடுக்கவில்லை. தொண்டுதானே என்று நினைத்துவிட்டேன். பத்து நாளும் அவர் வேறு வேலைக்குப் போகவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

அவர்கள் பேருந்து ஏறிய மாலையில், கொத்தனார் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "சாமி, பாவம் நல்ல புள்ளைங்க. ஆனா எங்க வீட்டுக்கு ஒரு நாளு கஞ்சி குடிக்க வந்திருந்தா, இந்தச் செவுர நானே கட்டிக் கொடுத்திருப்பேன்."

வெட்கித் தலைகுனிந்தேன். அந்தப் பிள்ளைகளை நான் விருந்தாளிகளாக்கவில்லை. கொத்தனாரை வீட்டுக்காரராக்கவும் இல்லை. ஒரு தரப்பைக் கொடுப்பவர்களாகவும் மறு தரப்பை வாங்குபவர்களாகவும் நிறுத்தி வைத்துவிட்டேன். பிறகுதான், 1968-இல் இவான் இல்லிச் என்ற குருவானவர், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் கடுமையாகப் பேசியதைப் படித்தேன். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், எங்கள் மலைகளில் ஏறுங்கள், மலர்களை இரசியுங்கள். உதவி செய்வதற்கென்று மட்டும் வராதீர்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். அந்தக் கடுமை முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கொத்தனார் சொன்னதும் இல்லிச் சொன்னதும் ஒன்றே என்பது எனக்குப் புரிந்தது.

இனி அந்த விளம்பரத் தாளுக்கு வருகிறேன். அதில் என் மனத்தை உறுத்தியது செலவன்று, சுற்றுலாவன்று. குழந்தைகள் இல்லத்தில் ஐந்து நாள் என்ற வரிதான். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளோடு ஆடிப் பாடுவது தவறா என்று கேட்பீர்கள்.

கம்போடியா நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் 2011-இல் வெளிப்படுத்திய செய்தி இது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் அங்கே அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியது. ஐந்தாண்டில் அத்தனை பெற்றோரும் இறந்தார்களா? இல்லை! அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தனர். பின் ஏன் இல்லங்கள் பெருகின? வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அன்போடு பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைப் பெறப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று சொல்லி, ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். நல்ல மனதுள்ள பயணிகளின் நல்ல எண்ணமே, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் காரணங்களில் ஒன்றாகிவிட்டது.

எல்லா இல்லங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து நாள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆறாம் நாள் கையசைத்து விட்டுப் போகிறவர்கள், அடுத்த வாரம் வேறு முகங்கள், அதற்கடுத்த வாரம் வேறு முகங்கள் என்றால், அந்தப் பிள்ளையின் இருதயம் என்னாகும்? நம் பங்குப் பள்ளிக்கு யாரென்று தெரியாத பதினோரு பேர் வந்து, ஐந்து நாள் உங்கள் தம்பி தங்கைகளோடு இருக்க வேண்டும் என்றால் விடுவோமா? இங்கே நாம் விடாததை அங்கே செய்யலாகாது.

அப்படியானால் குறைந்த செலவில் இளைஞர்கள் கூட்டமாக வெளிநாடு போய்ப் பழகுவதற்கு நல்ல வழியே இல்லையா? இருக்கிறது. நானே அப்படிப் போயிருக்கிறேன்.

2005 ஆகஸ்டில் செர்மனியின் கொலோன் நகரில் உலக இளையோர் நாள் நடந்தது. இளைஞர் குழு ஒன்றுக்குத் துணையாக நானும் சென்றேன். தங்குவிடுதி எங்களுக்குக் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறைத் தரைதான் படுக்கை. அவரவர் உறைப்படுக்கையைச் சுமந்து போக வேண்டும். உணவுக்குச் சீட்டு, வரிசையில் நின்று, பலருக்கான உணவைச் சேர்த்து வாங்கி வந்து பங்கிட்டு உண்ண வேண்டும். வசதியுள்ள நாட்டு இளைஞர்கள் செலுத்தும் ஒருமைப்பாட்டு நிதியால் வசதியற்ற நாட்டவர் சிலருக்கு உதவி. இப்படித்தான் செலவு குறைகிறது. சிக்கனத்துக்காகச் செய்ததுதான், ஆனால் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

கொலோனுக்குப் போகுமுன் சில நாட்கள் வேறு ஒரு மறைமாவட்டத்தில், வீடுகளில் தங்கினோம். எனக்கும் இன்னொருவருக்கும் ஒரு மூதாட்டியின் வீடு கிடைத்தது. கணவரை இழந்தவர். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது; அவர் மொழியில் எங்களுக்கு நாலு வார்த்தை. காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, அவித்த முட்டை. மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கூடத்து நீள் நாற்காலியில், ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, அந்த அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கை அறை. அதில் நாங்கள் படுத்திருந்தோம்.

நான் அந்த நாட்டுக்கு என்ன தொண்டு செய்தேன்? ஒன்றுமில்லை. அவருடைய தட்டுகளைக் கழுவிக் கொடுத்தேன். அதற்கே அவர் முதலில் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் எனக்குள் ஏதோ ஒன்று மாறிற்று. அன்றுமுதல் என் அறைக்கு வருகிற விருந்தாளிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் பாயில் படுக்கக் கற்றேன். அதைவிட முக்கியமாக, வாங்குவதற்கும் தாழ்ச்சி வேண்டும் என்பதைக் கற்றேன்.

உலக இளையோர் நாள் தொடங்கிய 2005 ஆகஸ்டு 16 அன்று மாலையில்தான், தேசேயில் செப வேளையில், தொண்ணூறு வயதுச் சகோதரர் ரோஜர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தச் செய்தியைக் கேட்டதும், மொழி தெரியாத இளைஞர்கள் பலர் ஆங்காங்கே அமர்ந்து, நீங்கள் இங்கே பாடும் அதே மெட்டுகளை மெல்லப் பாடினார்கள். கதவைத் திறந்து வைத்தே வாழ்ந்த மனிதர் அவர். 1985-லும் 1988-லும் நம் சென்னையிலேயே தேசே சகோதரர்கள் பன்னாட்டு இளைஞர் கூட்டங்களை நடத்தியதைப் பெரியவர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

இன்னும் ஒரு பயணக் கதையைச் சொல்லிவிட்டு, செய்ய வேண்டிய காரியங்களுக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்டு 6 அன்று, லிஸ்பன் நகரில், அடுத்த உலக இளையோர் நாள் 2027-இல் கொரியாவின் சியோல் நகரில் நடைபெறும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். கொரியத் திருச்சபை எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு குழுப் பயணத்தில் பிறந்தது! கொரிய அரசு ஆண்டுதோறும் பீக்கிங் நகருக்கு ஒரு தூதுக் குழுவை அனுப்பும். 1783-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் புறப்பட்ட குழுவில் தம் தகப்பனாரோடு சேர்ந்து போனார் யி சுங்-ஹுன் என்ற இளைஞர். வயது இருபத்தேழு. அங்குள்ள குருக்களைத் தேடிப் பார், அவர்களிடம் கற்றுக்கொண்டு வா என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். போனார், கேட்டார், கற்றார், 1784-இல் பேதுரு என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். புத்தகங்களையும் சிலுவைகளையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். தாம் பெற்றதை நண்பர்களுக்குக் கொடுத்தார். குரு ஒருவர்கூட இல்லாமல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்தத் திருச்சபை பொதுநிலையினராலேயே வளர்ந்தது. யி சுங்-ஹுன் இடையில் தளர்ந்தும் போனார். வேதகலாபனையில் 1801-இல் தலை வெட்டுண்டு இறந்தார். அந்த மண்ணின் மறைசாட்சிகள் 103 பேரை 1984-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சியோல் நகரிலேயே புனிதர்களாக உயர்த்தினார்.

பாருங்கள், அந்த இளைஞர் பீக்கிங்கிற்குக் கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போனார். கொடுத்தது எங்கே? திரும்பி வந்த பிறகு, தம் சொந்த ஊரில்! பயணத்தின் பலன் போகிற ஊரில் தெரிவதைவிட, திரும்பி வருகிற ஊரில்தான் அதிகம் தெரிய வேண்டும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். எந்தக் குழுவில் சேருவதானாலும், பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, நம்மை அழைக்கிறவர்கள் யார்? பயணம் நடத்துகிறவரா, அல்லது அந்த ஊர் மக்களா? அந்த ஊரில் நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒரு பங்கோ, ஒரு குடும்பமோ, ஓர் இளைஞர் மன்றமோ உண்டா? அழைப்பில்லாத வீட்டுக்கு விருந்தாளி போவதில்லை.

இரண்டாவது, நாம் செய்யப்போகிற வேலையை அந்த ஊரில் கூலிக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், அவர்கள் பிழைப்பு என்னாகும்? என் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிறு பிள்ளைகளோடு வேலையா? அப்படியானால் பயிற்சி உண்டா, நம்மைப் பற்றி விசாரித்தார்களா, மேற்பார்வை உண்டா? ஒன்றும் கேட்காமல் பிள்ளைகளிடம் நம்மை விடுகிற இல்லத்துக்குப் போகாதீர்கள்.

நான்காவது, பணம் எங்கே போகிறது? விமானக் கட்டணம் எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, அந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு, நடத்துகிறவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையான குழு மறுக்காது.

ஐந்தாவது, என்ன விசாவில் போகிறோம்? இதை அலட்சியமாக எண்ணாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பல நாடுகளில் குற்றம்; கூலி வாங்காத தொண்டுக்கும் சில இடங்களில் தனி அனுமதி வேண்டும். ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா கேட்டால், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது. இன்னொன்றும் சொல்கிறேன், மனம் நோகாதீர்கள். குழுவோடு போய், திரும்பாமல் அங்கேயே மறைந்துவிடுகிறவர்கள் உண்டு. வறுமையின் கொடுமை எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒருவர் மறைந்தால், அடுத்துப் போக நினைக்கும் நூறு பிள்ளைகளுக்குக் கதவு அடைபடுகிறது. அழைத்த பங்கின் பெயரும் கெடுகிறது. விருந்துக்குப் போன வீட்டில் அதைச் செய்யலாகாது.

போவதற்கு முன் ஒரு பயிற்சியும் உண்டு. அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பத்தரை மணித் திருப்பலியில், பின்வரிசைத் தூணருகே சில இளைஞர்கள் நிற்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்கள். மொழி புரியாமலே மண்டியிட்டு நற்கருணை வாங்கிப் போகிறார்கள். உங்கள் வயதுதான். அவர்களில் ஒருவன் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? பண்பாட்டுப் பரிமாற்றம் வேண்டும் என்று கடல் கடக்க நினைக்கிறவன், முதலில் அந்தத் தூண் வரைக்கும் நடக்க வேண்டும் அன்றோ! ஆறு மாதம் அவர்களோடு பழகுங்கள். அவர்கள் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் அறைக்கு அழைத்தால் போய், வைக்கிறதை உண்ணுங்கள். அதுவே சிறந்த பயிற்சி.

இப்போது அந்தத் தகப்பனாருக்கு என் பதில்.

ஐயா, நீங்கள் கேட்டது ஒரு வார்த்தை; நான் இத்தனை வார்த்தை பேசிவிட்டேன். சங்கிலியை அடகு வைக்காதீர்கள். அந்தத் தாளில் உள்ள பயணத்துக்கு உங்கள் மகளை அனுப்ப வேண்டாம். அந்த ஐந்து கேள்விகளையும் நானே எழுதி அவர்களுக்கு அனுப்பினேன். இரண்டு வாரமாகியும் பதில் வரவில்லை. பணத்தை விரைவில் கட்டினால் சலுகை உண்டு என்ற தகவல் மட்டும் வந்தது.

ஆனால் உங்கள் மகளின் ஆசையை அடகு வைக்கவும் நான் சொல்ல மாட்டேன். செவிலியர் படிப்புப் படிக்கிற பெண். உலகம் பார்க்க வேண்டிய பெண். ஆகவே பங்குப் பேரவையின் முன் ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறேன். பொன்விழாவுக்குப் பந்தலும் வண்ண விளக்கும் வாண வேடிக்கையும் மூன்று இரவுக்கு என்று திட்டமிட்டோம். அதை ஓர் இரவாகக் குறைப்போம். மிச்சமாகும் தொகையை இளையோர் பயண நிதி என்று தனிக் கணக்கில் போடுவோம். பதினோரு பேரும் மாதந்தோறும் தங்களால் இயன்றதைச் சேர்க்கட்டும். மறைமாவட்டத்தின் வழியாகவோ, நம்மை உண்மையாகவே அழைக்கிற ஒரு பங்கின் வழியாகவோ போகும் பயணத்துக்கு அது உதவட்டும். ஓராண்டோ ஈராண்டோ ஆகட்டும், அவசரமில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிதியில் போய் வருகிற ஒவ்வொருவரும், திரும்பி வந்த ஆண்டிலேயே, வெளியூரிலிருந்து வரும் ஒருவரைத் தம் வீட்டில் மூன்று நாளாவது தங்க வைக்க வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாள் போதும். உங்கள் வீட்டில் ஒரே அறைதானா? கவலைப்படாதீர்கள். அந்த செர்மானிய மூதாட்டிக்கும் ஒரே அறைதான்.

கொலோன் பேராலயத்தில் மூன்று ஞானிகளின் திருப்பண்டங்கள் என்று போற்றப்படுபவை 1164 முதல் வைக்கப்பட்டிருக்கின்றன. நீண்ட வரிசையில் நின்று அந்தப் பொற்பேழையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கிறிஸ்துவைத் தேடி வெளிநாடு போன முதல் குழு இவர்கள்தானே! வழி தெரியாத இடத்தில் கேட்டார்கள். வீட்டிற்குள் நுழைந்ததும் முதலில் முழங்காலிட்டார்கள். அதன் பிறகே பேழைகளைத் திறந்தார்கள். அங்கேயே தங்கி அந்த ஏழைக் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வேறு வழியாகத் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள்.

என் அன்புப் பிள்ளைகளே, நீங்களும் போங்கள். கேட்டுக் கேட்டுப் போங்கள். முழங்காலிட்டு நுழையுங்கள். வைக்கிறதை உண்ணுங்கள். போன வழியாகவே திரும்பாமல், மாறிய மனிதராய் வேறு வழியாகத் திரும்பி வாருங்கள். உங்களுக்காக இந்தக் கோவில் வாசல் திறந்திருக்கும். பின்வரிசைத் தூணருகே உங்கள் நண்பர்களும் காத்திருப்பார்கள்.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக!